பாதி குடித்த ஈ

எழுபதுகளின் கடைசியில் நான் பார்த்த வேலை என்னவென்று யாராவது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். குதிரைகளை ஈ கடிக்காமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். பத்து காஜா ஊர்ச் சந்தையில் பழைய தோட்டத்து ஆட்களைக் கண்டால் விசாரிப்பார்கள். சொன்னால் சிரிப்பார்கள். "தோட்டத்த வித்ததுலேர்ந்து நாங்க எல்லாருமே ஈதான் ஓட்டிக்கிட்டிருக்கோம். ஒனக்கு மட்டும் அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா லா?" என்று ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

லகாட்டுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பதினாறு வயதிலிருந்து பால் வெட்டியவள். அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஈப்போவில் ஈயச் சுரங்கம் நடத்திய ஒரு தவுக்கே, சீன முதலாளி, குளத்தோரத் துண்டை வாங்கி, மரங்களைச் சாய்த்து, புல் போட்டு, கம்பி வேலி அடித்தார். அவருக்குப் பந்தயக் குதிரைகள் இருந்தன. ஓடிக் களைத்ததும் காலில் அடிபட்டதும் சில மாதங்கள் மேய்ந்து தேறட்டும் என்று அங்கே அனுப்புவார். என் கணவர் ஈப்போ பந்தயத் திடலில் பல வருடம் குதிரைக்காரராக இருந்தவர். ஒரு குதிரை உதைத்து முழங்கால் போனபிறகு, தவுக்கே அவரை இந்த மேய்ச்சல் நிலத்துக்கு மாற்றினார். எங்களுக்கு ஒரு பலகை வீடு கொடுத்தார்கள். கொட்டாயில் எப்போதும் ஐந்தாறு குதிரைகள் நிற்கும்.

ஈ எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. நிலத்தின் ஒரு பக்கம் முழுவதும் ஈயம் தோண்டிவிட்டுப் போன குளம். அதன் கரை எப்போதும் சேறு. மழை விட்டு நான்கு நாள் வெயில் காய்ந்தால் போதும், அந்தச் சேற்றிலிருந்து பிக்காட் கிளம்பிவிடும். மலாய்க்காரர்கள் வைத்த பெயர்தான் எங்கள் வாயிலும் இருந்தது. விரல் நுனி அளவு பெரிய ஈ. கண் பச்சையாக மின்னும். அது கொசுவைப் போல ஊசி குத்திக் குடிப்பதில்லை. கத்தரியால் வெட்டுவது மாதிரித் தோலை அறுத்து, ஊறி வரும் ரத்தத்தை நக்கும். ஈ பறந்துபோன பிறகும் அந்த இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு குதிரையின் வயிற்றில் வடிந்துகொண்டே இருக்கும்.

கொட்டாயில் இன்னொரு வகை. பார்த்தால் வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் கால்களைக் கடிக்கும். அது சாணத்திலும் நனைந்த வைக்கோலிலும் பிறப்பது. அதைக் கட்டுப்படுத்துவது சுலபம். விடிந்ததும் சாணத்தை அள்ளி, தூரத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிட்டால் புழு செத்துவிடும். மூத்திரம் தேங்கும் இடத்தில் சுண்ணாம்பு போடுவேன். ஒரு நாள் விட்டால் பத்தாம் நாள் தெரிந்துவிடும். அதனால் காய்ச்சலிலும் நான் விட்டதில்லை.

பிக்காட்டிடம் இதெல்லாம் பலிக்காது. குளத்தையா அள்ளிக் காயப்போட முடியும்? காற்று வரும் திசை பார்த்து தகரப் பீப்பாயில் தேங்காய் மட்டையையும் ஈர லாலான் புல்லையும் போட்டு மூட்டம் போடுவேன். குதிரைகள் தாமாகவே வந்து புகைக்குள் நிற்கும், கண்ணில் நீர் வடிந்தாலும் நகராது. வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து வயிற்றிலும் தொடையிலும் தடவுவேன். வியர்த்தால் அரை மணியில் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். பிக்காட் கறுப்பாக ஆடும் எதையும் நோக்கிப் போகும் என்று என் கணவர் கவனித்திருந்தார். பிளாஸ்டிக் பந்துகளுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, பலாப் பாலை எண்ணெய் விட்டுக் காய்ச்சி மேலே பூசி, குளத்தோரம் கம்புகளில் தொங்கவிட்டோம். சாயங்காலம் பந்தில் ஈ அப்பிக் கிடக்கும். சுரண்டி எடுத்து நெருப்பில் போடுவேன். அப்படியும் வெயில் ஏறும் நேரத்தில் ஈச்சம் ஓலை விசிறியோடு குதிரையின் பக்கத்திலேயே நின்று அடித்து விரட்டத்தான் வேண்டியிருந்தது.

அந்த வருடம் வந்த குதிரைகளில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை இருந்தது. தோல் மிகவும் மெல்லியது. ஒரே ஒரு ஈ உட்கார்ந்தாலும் உடம்பெல்லாம் அலை அலையாக நடுங்கும். தாங்க முடியாமல் வேலியை ஒட்டி ஓடி, மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நான் விசிறியோடு போனால், தலையை என் தோளுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். பிரியம் என்று சொல்லமாட்டேன். நான் நிற்கும் இடத்தில் ஈ குறைவு என்று அது கண்டுகொண்டது, அவ்வளவுதான். ஆனாலும் யாரும் என்னை அப்படித் தேடி வந்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயம் ஒன்று இடியாமல் இருந்தது. ஆட்கள் எல்லோரும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். ஒரு அக்கா மட்டும் போகவில்லை. கணவர் இறந்து வெகுகாலம். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் பீடோர். அக்காவிடம் மூன்று பசுக்கள் இருந்தன. பாலை லகாட் டீக்கடைகளுக்குக் கொடுப்பாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருந்தபோது என் வயிற்றில் இருந்த குழந்தை ஏழாம் மாதம் தங்காமல் போனது. பிறகு எனக்குக் குழந்தையே இல்லை. அப்போது நான் இருபது நாள் எழுந்திருக்கவில்லை. அக்கா தன் நிரை மரங்களில் பால் வெட்டிவிட்டு என் நிரையிலும் வெட்டினாள். மத்தியானம் வந்து என் தலையைத் தூக்கிக் கஞ்சி ஊற்றினாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

தோட்டம் போனபின் அவள் மாடுகளுக்குப் புல் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் புது வேலி. சாலையோரம் அறுத்துத் தலையில் சுமந்து வந்தாள். ஒரு நாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"தங்கச்சி, குளத்தோரம் அம்புட்டுப் புல்லு சும்மாதானே கெடக்கு. ஒங்க குதிரைங்க அந்தச் சேத்துக்குப் போறதில்லையே. காலையில ரெண்டு மணி நேரம் இதுங்கள விட்டுக்கட்டுமா? நானே நின்னு பாத்துக்குறேன்."

"அவருகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்க்கா."

"கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு. தவுக்கேக்குப் பயப்படுற மனுசன்."

அது உண்மை. நான் கேட்கவில்லை. காலையில் என் கணவர் குதிரைத் தீனி எடுக்க டவுனுக்குப் போகும் நாட்களில், குளத்து மூலையில் இரண்டு கம்பியை அவிழ்த்துவிட்டேன். மாடுகள் உள்ளே வந்தன. அக்கா ஒரு தழைக்கொப்பை வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்த பிக்காட்டை அடித்து ஓட்டினாள். கொஞ்ச தூரத்தில் நான் விசிறியோடு குதிரைப் பக்கம் நின்றேன். இருவரும் அங்கிருந்தே பேசிக்கொள்வோம். அந்த வேலையில் எனக்குப் பேச்சுத் துணை கிடைத்தது அப்போதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஈப்போவிலிருந்து மிருக டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர், நடுவயது, அதிர்ந்து பேசாதவர். ஒரு குதிரையின் காலைப் பார்க்க வந்தவர், நான் தொங்கவிட்டிருந்த பந்துகளைக் கண்டு நின்றுவிட்டார்.

"இது ஆர் செய்தது? நல்லாத்தான் செய்திருக்கிறியள்" என்றார். நான் குனிந்துகொண்டேன். அவர் என் கையிலிருந்த விசிறியைப் பார்த்தார். "ஈயைக் கலைச்சாப் போயிடும் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. வயிறு நிறையக் குடிச்ச ஈ பேசாமப் போய் மரத்தில இருக்கும். பாதி குடிச்ச ஈதான் ஆபத்து. அது பசியோட பக்கத்தில நிக்கிற உடம்புக்குப் போகும். வாயில முதல் உடம்பின்ர ரத்தம் இருக்கும்."

"அதனால என்னங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"மாடு, எருமை உடம்பில ஒரு கிருமி இருக்கும். சுர்ரா எண்டு சொல்லுறது. மாட்டுக்கு இருந்தாலும் வெளியில தெரியாது, அது பாட்டுக்கு மேயும், பால் குடுக்கும். குதிரைக்கு வந்தாத் தாங்காது. பக்கத்தில மாடு ஒண்டும் விடுறதில்லைதானே?"

"இல்லைங்க டாக்டர். வேலி இருக்கே" என்றார் என் கணவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அக்கா ஓட்டிய ஈ எந்தப் பக்கம் பறந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாளே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனேன். அவள் ஒரு செம்பில் சீம்பால் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள். ஒரு மாடு கன்று ஈன்றிருந்தது. "இதக் காய்ச்சிக் குடு, வூட்டுக்காரருக்கு முட்டிக்கு நல்லது" என்றாள். நான் செம்பை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். மேலும் மூன்று வாரம் கம்பியை அவிழ்த்துவிட்டேன்.

பெண்குதிரை ஒரு காலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. உடம்பு கொதித்தது. மறுநாள் காய்ச்சல் இல்லை. மூன்று நாள் கழித்து மறுபடி. தீனி தின்றது, ஆனால் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. என் கணவர் அதன் உதட்டை மேலே தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அடிவயிறு வீங்கித் தொங்கியது. அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

டாக்டர் வந்து காதோரத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அவரே திரும்பி வந்து, காரிலிருந்து இறங்கும்போதே தலையாட்டினார். "அதுதான்" என்றார். ஊசி போட்டார். மற்றக் குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்தார். அவற்றில் இல்லை. பெண்குதிரையைத் தனியே ஒரு கொட்டாயில் கட்டி, வாசலுக்கு வலைத்துணி அடிக்கச் சொன்னார். இருந்த கொசுவலைகளைக் கிழித்து நான் தைத்தேன்.

ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் தேறுவது போலத் தெரிந்தது. பிறகு பின்னங்கால்கள் தடுமாறின. நடந்தால் குடித்தவனைப் போலச் சாய்ந்தது. ஒரு பகலில் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. நாங்கள் இருவரும் வைக்கோல் திணித்து அதை நிமிர்த்தி வைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். வலைக்குள் ஈ இல்லை. ஆனாலும் அதன் தோல், ஈ உட்கார்ந்தது போலவே இடைவிடாமல் நடுங்கியது. டாக்டர் மூன்றாவது தடவை வந்தபோது பெட்டியைத் திறக்குமுன் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. அது அதிக நேரம் எடுக்கவில்லை.

தவுக்கே அன்று மத்தியானமே வந்தார். கத்தவில்லை. கொட்டாய் வாசலில் நின்று என் கணவரிடம் மலாயில், "உன்னை நம்பித்தானே விட்டேன்? பார்த்துக்கொள் என்றுதானே சொன்னேன்?" என்றார். டாக்டர் இடையில் புகுந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமத்தில், கம்பத்தில், எருமைகள் இருக்கின்றன, அங்கிருந்தும் ஈ வந்திருக்கலாம் என்றார். தவுக்கே கேட்கவில்லை. அந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்யச் சொன்னார். என் கணவர் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். வேலை போனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்?

"அவருக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்றேன். "நான்தான் மாட்ட உள்ள விட்டேன். லயத்து அக்காவோட மாடு. நீங்க வந்துட்டுப் போன பின்னாலயும் விட்டேன்."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எந்த ஈ எங்கயிருந்து வந்தது எண்டு ஆராலும் சொல்ல ஏலாது. எருமையாவும் இருக்கலாம்" என்றார். "ஆனா மாடு இருக்கெண்டா நான் ரத்தம் பார்க்கத்தான் வேணும்." பிறகு தவுக்கேயைத் தனியே அழைத்துப் போய் நெடுநேரம் பேசினார். எங்கள் வேலை போகவில்லை. அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று மாடுகளில் இரண்டுக்கு இருந்தது. பார்த்தால் நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மயிர் பளபளவென்று, மடி நிறையப் பாலோடு நின்றன. ஊசி போட்டால் சரியாகும், ஆனால் குதிரைகள் இருக்கும் வட்டாரத்தில் வைத்திருக்கக் கூடாது, வேறு இடம் கொண்டு போக வேண்டும் என்று டாக்டர் அவளிடம் பக்குவமாகத்தான் சொன்னார். அவளுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? மூன்றையும் விற்றுவிட்டாள். ஒரு வாரத்தில் லாரி வந்தது. பலகையைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். கன்று தானாகவே தாயின் பின்னால் ஏறியது. எங்கே கொண்டு போகிறார்கள் என்று அக்கா லாரிக்காரனிடம் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். லாரி போனதும் அவள் என்னிடம் வந்தாள்.

"ஈயி ஓம் பேச்சையும் கேக்காது, எம் பேச்சையும் கேக்காது. அத விடு" என்றாள். "ஆனா எங்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாமே புள்ள. அந்த டாக்டரு சொன்ன அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே இதுங்களக் கட்டிப் போட்டிருப்பேனே."

சீம்பால் கொடுத்தாயே, அதனால் சொல்லவில்லை என்றா சொல்வது? அடுத்த நாள் சோறு ஆக்கி எடுத்துப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அந்த மாதத்திலேயே அவள் மகளிடம் பீடோருக்குப் போய்விட்டாள்.

என் கணவர் என்னோடு பேசாமல் இல்லை. தீனி வந்துவிட்டது, ஆணி வாங்க வேண்டும், மழை வரும் போலிருக்கிறது என்பது வரை பேசினார். அதற்கு மேல் பேச வெகுநாள் ஆயிற்று. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது மட்டும், "எனக்காகத்தான் நீ சொன்னேன்னு தெரியும்" என்றார். "அந்தக் குதிரைய நான்தான் ஈப்போவுலேர்ந்து ஏத்திக்கிட்டு வந்தேன்." பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார்.

ஈ மட்டும் குறையவில்லை. மாடுகள் போன பிறகும் குளம் இருந்தது, சேறு இருந்தது, அக்கரையில் எருமைகள் இருந்தன. நான் முன்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்தேன். பந்துகளை அதிகமாக்கினேன். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் முழுக்கக் குதிரைகளை வலை அடித்த கொட்டாய்க்குள் கட்டினேன். குளத்தோரப் புதரையெல்லாம் பாராங் கத்தியால் வெட்டித் தள்ளினேன். விசிறியை விட்டுவிட்டேன். உட்கார்ந்த ஈயை விரட்டாமல் உள்ளங்கையால் அறைந்து அங்கேயே கொன்றேன். குதிரை திடுக்கிட்டு விலகும், சில சமயம் கடிக்கவும் வரும். கை முழுக்க ரத்தமாக இருக்கும். எந்தக் குதிரையும் அதற்குப் பிறகு என்னைத் தேடி வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஈய விலை விழுந்தபோது தவுக்கேயும் விழுந்தார். குதிரைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார். நாங்கள் ஈப்போவில் ஒரு அறை எடுத்தோம். என் கணவர் ஒரு கிடங்குக்குக் காவலாளியானார். நான் ஒரு துணிக்கடையில் தரை துடைத்தேன்.

அதன் பிறகுதான் பீடோருக்குப் போகும் துணிச்சல் எனக்கு வந்தது. பஸ் ஏறிப் போய், விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கைத்தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கோப்பி கலக்கிக் கொடுத்தாள். பேரப்பிள்ளைகளைப் பற்றி, மருமகன் குடிப்பதைப் பற்றி, பஸ்காரன் நிறுத்தாமல் போவதைப் பற்றிச் சொன்னாள். மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வாய்வரை வந்தது, கோப்பியோடு உள்ளே போய்விட்டது.

பஸ் நிற்கும் இடம் வரை கூடவே நடந்து வந்தாள். நான் ஏறும்போது கேட்டாள்.

"குதிரைங்க எல்லாம் நல்லா இருக்கா தங்கச்சி?"

குத்திக் கேட்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. அங்கே குதிரை இல்லை, கொட்டாய் இல்லை, வேலியும் இல்லை, எல்லாம் வெறும் செம்மண் என்று சொல்லியிருக்கலாம்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.